25 வயதுக்குப் பிறகு திரும்ப உயர்தரம் எழுதி மிருக வைத்தியம் படிக்க

முதலில் உங்களுடைய பழைய பெறுபேற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அலுமாரிக்கு மேலே, அம்மாவின் தகரப் பெட்டிக்குள்ளே, எங்கே கிடந்தாலும் சரி, எடுத்து மேசையில் வைத்துவிட்டு இதுவரை எத்தனை தடவை க.பொ.த உயர்தரம் எழுதினீர்கள் என்று எண்ணுங்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்தப் பரீட்சையில் மூன்று தடவைதான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள் என்று படிக்காமல் போய் எழுதிவிட்டு வந்த அந்த முதல் தடவையும் அதற்குள் ஒன்றுதான். மிச்சம் இரண்டு இருக்கிறதா, ஒன்று இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாத் திட்டமும்.

நான் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம். 19 வயதில் பயோ எழுதி மூன்று எஸ் (சாதாரண சித்தி) எடுத்தேன், அதோடு விட்டுவிட்டு ஒரு மாட்டுத் தீவனக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். 25 வயதில் திரும்ப எழுதினேன், இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளிக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. 26 வயதில் மூன்றாவதும் கடைசியுமான தடவை. இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிக்கிறேன். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து "அண்ணை, நானும் திரும்ப எழுதலாமா" என்று கேட்கிறார்கள், தங்கச்சிமாரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எழுதுகிறேன்: உங்களுக்குப் பஞ்சம் வயதில் இல்லை, தடவையில்தான். மிச்சமிருக்கும் தடவையை ஆயத்தமாகும் வரை செலவழிக்காதீர்கள்.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம் வேலையைப் பாருங்கள். உங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒரு கால்நடை வைத்தியர் அலுவலகம் இருக்கும். அங்கே போய், படிக்க ஆசைப்படுகிறேன், வெளி வேலைக்குப் போகும்போது கூட வந்து நின்று பார்க்கட்டுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் மறுத்தாலும் இன்னொருவர் சம்மதிப்பார். நாய்க்குட்டியைக் கொஞ்சுகிற ஆசை மட்டும் இருப்பவருக்கு அந்த ஒரு மாதத்திலேயே உண்மை தெரிந்துவிடும், உண்மையில் இந்த வேலைதான் வேண்டும் என்பவருக்கு அங்கே கிடைக்கிற உரம் இரண்டு வருடப் படிப்பைத் தாங்கும்.

எனக்கு அந்த உரம் கிடைத்தது உரும்பிராயில் ஒரு வீட்டுக் கொட்டிலில். நான் தீவன மூட்டை இறக்கப் போயிருந்தேன். முதல் நாள் கன்று போட்ட ஜேர்சிக் கலப்பு மாடு, நாலாவது ஈற்று, எழும்ப முடியாமல் படுத்துக் கிடந்தது. கழுத்தை மடக்கித் தலையை விலாவோடு சாய்த்து வைத்திருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து போயிருந்தது. அந்த வீட்டு அம்மா திருநீற்றைப் பூசிவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். மிருக வைத்தியர் வந்து பார்த்த உடனேயே "பால் காய்ச்சல். தம்பி, தலையைப் பிடி, அசையவிடாதை" என்றார். கன்று போட்ட மாட்டின் இரத்தத்தில் கல்சியம் குறைவதால் வருவது அது. கழுத்து நாளத்தில் ஊசியை ஏற்றிக் கல்சியம் போத்தலைக் கொளுவி, மருந்தை மிக மெதுவாக விட்டார். ஒரு கை போத்தலில், மற்றக் கை நெஞ்சுப் பக்கம் வைத்த ஸ்டெதஸ்கோப்பில். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "கெதியா விட்டா இதயம் நிண்டிடும்" என்றார். போத்தல் பாதி இறங்கும்போது தொடைத் தசை துடிக்கத் தொடங்கியது, பிறகு ஒரு பெரிய ஏப்பம், சாணி போட்டது, அரை மணித்தியாலத்துக்குள் முன்காலை ஊன்றி எழும்பி நின்று கன்றைத் தேடியது. அந்த அம்மா அழுதுவிட்டார். அந்த மாட்டின் பாலில்தான் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள்.

பிறகு உயர்தர உயிரியலில் தசைச் சுருக்கம் படிக்கும்போது கல்சியம் அயன் என்று ஒரு சொல் வந்தது. அந்தப் பக்கத்தை நான் பாடமாக்கவே இல்லை. மாடு எழும்பி நின்றது கண்ணுக்குள் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. வயது போய்ப் படிப்பவருக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் வரியாகத் தெரிவது நமக்கு ஒரு கொட்டிலாகத் தெரியும்.

சரி, விதிமுறைகளுக்கு வருவோம். அரச பல்கலைக்கழகங்களில் மிருக வைத்தியம் என்றால் பேராதனைதான், அங்கே மிருக வைத்திய விலங்கு விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, ஆங்கில மொழியில். அதற்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எடுத்து, மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். போன தடவை எடுத்த உயிரியலையும் இந்தத் தடவை எடுக்கிற இரசாயனவியலையும் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானத்துக்கு மாறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மிருக வைத்தியம்தான் குறி என்றால் மாறாதீர்கள். இதோடு, உயர்தரத்தோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 100க்கு 30 புள்ளியாவது வேண்டும். அதைப் பெரும்பாலானவர்கள் பொருட்படுத்துவதில்லை, பழைய வினாத்தாள் ஐந்தாறு செய்து பார்த்துவிட்டுப் போனால் போதும், ஆனால் ஒன்றும் பார்க்காமல் போய்த் தவறவிட்டால் மூன்று ஏ எடுத்திருந்தாலும் உதவாது.

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பது இசட் புள்ளியை வைத்துத்தான், அதை விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் உங்களுடைய புள்ளியிலிருந்து அந்த வருடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு நீங்கள் 70, சராசரி 40, நியம விலகல் 20 என்றால் உங்கள் இசட் 1.5. மூன்று பாடத்துக்கும் இப்படிப் பார்த்து அதன் சராசரியை எடுப்பார்கள். ஆகவே உயிரியலில் 85 எடுத்துவிட்டுப் பௌதிகவியலில் 35 எடுப்பவரை விட மூன்றிலும் 68, 70 என்று எடுப்பவர் முன்னுக்கு வரக்கூடும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பழைய வருட வெட்டுப்புள்ளிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்ட வாரியாக வெளியிடுகிறது, யாழ்ப்பாண மாவட்டத்துக்குக் கடைசி ஐந்து வருடத்துக்கும் மிருக வைத்தியத்துக்கு என்ன வந்தது என்று எழுதி உங்கள் மேசைக்கு முன்னால் சுவரில் ஒட்டுங்கள். நான் ஒட்டியிருந்தேன்.

அதே ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் ஒரு கைநூல் வெளியிடும், தமிழிலும் உண்டு. அதில் தகைமை பற்றிய பகுதியை நீங்களே ஒவ்வொரு வரியாக வாசியுங்கள், ரியூசன் வாசலில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். குறிப்பாக, முன்பு ஏதாவது அரச பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தவர்கள் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

பரீட்சைக்கு விண்ணப்பிப்பது லேசு. பாடசாலையை விட்டவர்கள் எல்லோரும் தனிப்பட்ட பரீட்சார்த்திகள், பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முதலே பாருங்கள். எங்கள் பக்கம் இடப்பெயர்வில் தொலைந்து பிறகு எடுத்த பத்திரங்களில் பிழை நிறைய, அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் ஞாபகப்படுத்துவார், நமக்கு யாரும் ஞாபகப்படுத்தப் போவதில்லை, முடிவுத் திகதியைப் போனில் போட்டு வையுங்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

இனிப் படிப்பு.

உயிரியலுக்குப் புதிய பாடத்திட்டத்தின்படி முதல் பரீட்சை நடந்தது 2019இல். அதற்கு முன் எழுதியவர்கள் பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு உட்காராதீர்கள். நான் அந்தப் பிழையைச் செய்தேன். நாலு மாதம் பழைய குறிப்பை வைத்துப் படித்துவிட்டு ஒரு புதிய வினாத்தாளை எடுத்துப் பார்த்தபோது பாதிக் கேள்வி நான் கேள்விப்படாத விஷயம். அந்த நாலு மாதம்தான் என் இரண்டாம் தடவையைத் தின்றது. தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, அலகு வாரியாக வள நூல்கள் எல்லாம் தமிழில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதைத் தரவிறக்கி, நாவலர் வீதியிலோ பல்கலைக்கழக வாசலடியிலோ ஒரு போட்டோ கொப்பிக் கடையில் அச்சடித்து, அலகு அலகாகக் கட்டி வையுங்கள். உயிரியலில் விடை எழுதும்போது அந்த வள நூலின் சொல்தான் செல்லும். கலம், இழையம், புன்னங்கம், இழைமணி, நொதியம் என்று அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடத்தைக் கேட்டு விளங்கிக்கொள்வது நல்லது, ஆனால் அவர்கள் செல் என்பதும் திசு என்பதும் விடைத்தாளுக்கு வரக்கூடாது.

உயிரியலில் விலங்குகளின் அமைப்பும் தொழிலும் பெரிய அலகு, நமக்கு அதுதான் இனிக்கும், அதனாலேயே அதில் மூன்று மாதம் கிடந்துவிட்டு மூலக்கூற்று உயிரியலையும் தாவரத்தையும் கடைசி மாதத்தில் ஓடி ஓடிப் படிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தாவரத்திலிருந்து தொடங்குங்கள். பிடிக்காததை உடம்பில் தெம்பு இருக்கும்போது முடித்துவிட வேண்டும்.

இரசாயனவியலில் கணக்குத்தான் இடைவெளி விட்டவர்களை விழுத்தும். மூல் கணக்கு, செறிவு, தாக்க வெப்பவுள்ளுறை, சமநிலை, தாங்கற் கரைசல், இந்த வரிசையில் அடியிலிருந்து வாருங்கள், மூல் தெரியாமல் சமநிலைக்குப் போனால் ஒவ்வொரு கணக்கிலும் முட்டுப்படும். சேதன இரசாயனத்துக்கு ஒரு பெரிய பிறிஸ்டல் மட்டையில் எல்லாத் தாக்கத்தையும் ஒரு வலையாக வரைந்து, அற்கேனிலிருந்து அற்ககோல், அதிலிருந்து அல்டிகைட்டு, காபொட்சிலிக் அமிலம் என்று அம்புக்குறி போட்டு, சோதனைப்பொருளை அம்புக்கு மேலே எழுதித் தொங்கவிட்டேன். தினமும் விடிய பல் விளக்கும்போது ஒரு பாதையைப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் அந்த மட்டை தேவையில்லாமல் போனது. அசேதனத்தில் நிறங்களும் வீழ்படிவுகளும் எழுதி எழுதித்தான் வரும், வேறு வழி இல்லை.

பௌதிகவியல்தான் வயது வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற பாடம். ஆகவே அதை முதலில் எடுங்கள், ஒரு நாளும் விடாமல். கணிப்பான் கொண்டுபோக முடியாது, கையால்தான் பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும். ஆறு வருடம் கடையில் போனைத் தட்டிக் கணக்குப் பார்த்தவனுக்கு 6.4ஐ 0.16ஆல் வகுக்க ஒரு நிமிடம் எடுத்தது. அதனால் முதல் இரண்டு கிழமை நான் பௌதிகவியலே படிக்கவில்லை, சாதாரண தரக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பின்னம், சுட்டி, மடக்கை, திரிகோண கணிதம், சமன்பாட்டில் எழுவாய் மாற்றுதல் இவ்வளவையும் திரும்பச் செய்தேன். அதற்குப் பிறகு, விசையும் இயக்கமும் வருகிற பொறியியல் அலகு முன்பு இருந்ததை விடப் பாதிப் பாரமாக இருந்தது. வெட்கப்படாமல் இதைச் செய்யுங்கள். வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் செய்முறை சார்ந்த கேள்விகள் வரும், வேணியர் இடுக்கி, நுண்மானித் திருகுக் கணிச்சி, பரிவுக் குழாய் போன்றவற்றை ஒரு முறையாவது கையில் தொட வேண்டும். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய ஆசிரியரைக் கண்டு ஒரு சனிக்கிழமை ஆய்வுகூடத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். எனக்கு அவர் சாவியைத் தந்துவிட்டுக் கூடவே இருந்தார்.

ரியூசனைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போகாமல் யாரும் உயர்தரம் எழுதுவதில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் வேலை செய்கிற ஒருவர் மூன்று பாடத்துக்கும் தியறி வகுப்பு, ரிவிஷன் வகுப்பு, பேப்பர் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஓடினால் படிக்க நேரமே இருக்காது, வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் படிப்பதும் ஒன்றல்ல. பௌதிகவியலுக்கு ஒரு தியறி வகுப்பு, மற்ற இரண்டுக்கும் பேப்பர் வகுப்பு மட்டும், இதுதான் நான் சொல்வது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார முதல் இரண்டு கிழமை கஷ்டமாக இருக்கும், ஒரு பிள்ளை என்னை ஆசிரியர் என்று நினைத்து எழும்பி நின்றது. பிறகு அந்தப் பிள்ளைகள்தான் விடியக் காலமை வினாத்தாள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள், நான் அவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் எனக்குப் பௌதிகவியல் சொல்லித் தந்தார்கள். கூச்சத்தில் பின்வாங்கில் தனியே இருந்துவிடாதீர்கள்.

நேரம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மிச்சம் ஒரு தடவைதான் என்றால், வீட்டில் ஆறு மாதத்துக்காவது சமாளிக்க முடியும் என்றால், கடைசி ஆறு மாதத்துக்கு விடுங்கள், அதற்கு முன் விடாதீர்கள். கையில் காசில்லாமல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தால் படிப்பு ஓடாது, கவலைதான் ஓடும். முதல் ஒரு வருடம் நான் விடிய 4 மணிக்கு எழும்பி 7 மணி வரை படித்துவிட்டு வேலைக்குப் போனேன், பின்னேரம் ஒரு மணித்தியாலம், ஞாயிறு முழு நாள். கிழமைக்கு ஏறத்தாழ 30 மணித்தியாலம் வந்தது. இரவில் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வேலையால் வந்து சாப்பிட்ட பிறகு திறக்கிற புத்தகம் திறந்தபடியே கிடக்கும்.

ஒரு கொப்பியில் தினமும் படித்த மணித்தியாலத்தை எழுதுங்கள், படித்த பாடத்தை எழுத வேண்டாம், மணித்தியாலம் மட்டும். ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளும், அதற்கு முன்பின் ஊர்க்கோயில் திருவிழாவும், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரும் அந்தக் கொப்பியில் அப்படியே தெரிவார்கள். தேருக்குப் போங்கள், கும்பிடுங்கள், ஆனால் 25 நாளும் பின்னேரம் வெளிவீதியில் நின்றால் அது ஒரு முழு அலகு. கல்யாண வீட்டுக்குத் தாலிகட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், முதல் நாள் பலகார வேலைக்கும் அடுத்த நாள் பந்தல் பிரிக்கவும் வேறு ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தத்தில் மனவருத்தம் வரும். எங்கள் மாமா ஒருவர் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

"இந்த வயதில் மாட்டு டொக்டருக்குப் படிக்கிறானாம்" என்று சொல்பவர்களும் இருப்பார்கள். 2022 டிசம்பரில் அந்தக் குளிர்காற்று அடித்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பட்டி பட்டியாக மாடுகள் செத்து விழுந்ததைப் பார்த்தவர்கள், அதற்கு முன் தோல் கழலை நோய் பரவியபோது உடம்பெல்லாம் கட்டி கட்டியாய் நின்ற மாட்டுக்கு வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தவர்கள், அப்படிச் சொல்வதில்லை.

எழுதிப் பழகுவதை ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று பாடத்திலும் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம், நாலு அமைப்புக் கட்டுரையும் நாலு கட்டுரை வினாவுமாக எட்டு விடை, ஒன்றுக்கு 22 நிமிடம் அளவில். பல வருடமாகப் பேனை பிடிக்காத கை 40 நிமிடத்தில் விறைத்துவிடும். என் இரண்டாம் தடவையில் உயிரியல் கடைசிக் கட்டுரைக்கு விடை தெரியும், ஆனால் கை ஓடவில்லை, முக்கால் பக்கத்தோடு பேப்பரை வாங்கிவிட்டார்கள். மூன்றாம் தடவைக்கு ஒவ்வொரு ஞாயிறும் விடிய 8.30க்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மணிக்கூட்டை வைத்து ஒரு முழுப் பத்திரம் எழுதினேன். மெல்லிய முனைப் பேனையை விட்டுவிட்டுத் தாளில் வழுக்கி ஓடுகிற பேனைக்கு மாறினேன். சின்ன விஷயம் போலத் தெரியும், எனக்கு ஒரு முழுக் கட்டுரை கிடைத்தது அதனால்தான்.

பத்து வருட வினாத்தாளையும் பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற புள்ளியிடும் திட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். விடையை எழுதிவிட்டு, அந்தத் திட்டத்தை வைத்து உங்களுக்கு நீங்களே சிவப்புப் பேனையால் புள்ளி போடுங்கள், இரக்கம் காட்டாமல். "கருத்துச் சரிதானே" என்று அரைப் புள்ளி போடுகிற பழக்கம் வந்தால் ஏமாறப் போவது நீங்கள்தான். பிழைவிட்ட பல்தேர்வு வினாவை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்தேன், கடைசி மாதம் அந்தக் கொப்பி மட்டும்தான் படித்தேன்.

சில வருடங்களில் பரீட்சை ஆண்டு முடிவில் மாரி மழைக்குள் வந்திருக்கிறது. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சையை வெள்ளத்தால் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். உங்கள் வீட்டு ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமென்றால் பரீட்சை நாட்களுக்கு மண்டபத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்கார வீட்டில் தங்க முதலே கேட்டு வையுங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வையுங்கள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், நனைந்த உடுப்போடு 3 மணித்தியாலம் இருக்க முடியாது. கரண்ட் போகிற நாளுக்கு ஒரு சார்ஜ் லைட் வாங்கி வைப்பதும் அவசியம். பரீட்சையைத் தள்ளிவைத்தால், கிடைத்த நாளில் புதிதாக ஒன்றையும் தொடாமல் அந்தப் பிழைக் கொப்பியையே திரும்பப் பாருங்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கலாம். அந்த இடைவெளியில் ஆங்கிலம் படியுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தமிழில் ஏ எடுத்துவிட்டு வருகிறவர்கள் முதல் வருட உடற்கூற்றியல் விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், நானும் இருந்தேன். வள நூல்களுக்கு ஆங்கிலப் பதிப்பும் இருக்கிறது. உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த அலகைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், சுற்றோட்டத் தொகுதியும் நரம்புத் தொகுதியும் முடித்தாலே பாதிப் பயம் போய்விடும். கொஞ்சம் சிங்களமும் பேசப் பழகுங்கள், கூட்டாளிகளோடும் மாடு கொண்டுவருகிறவர்களோடும் கதைக்க வேண்டிவரும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் போடச் சொல்வார்கள். மேலே போட்டதில் இடம் கிடைத்தால் கீழே போட்டதற்கு உங்களை எடுக்க மாட்டார்கள். மருத்துவத்தை முதலாவதாகப் போடு, பல் வைத்தியத்தை இரண்டாவதாகப் போடு என்று வீட்டில் சொல்வார்கள். மிருக வைத்தியம்தான் வேண்டுமென்றால் அதை முதலாவதாகப் போடுங்கள். அந்த வரிசையைப் போடும் அன்று மட்டும் யாரோடும் ஆலோசிக்காதீர்கள்.

வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால், அல்லது மூன்று தடவையும் ஏற்கெனவே முடிந்திருந்தால், மிருகங்களோடு வேலை செய்ய வேறு வழிகளும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, அங்கே விலங்கு விஞ்ஞானத் துறை உண்டு, அதற்கும் உயர்தர இசட் புள்ளிதான் வழி என்றாலும் வெட்டுப்புள்ளி வேறு. குண்டசாலையில் கால்நடை வளர்ப்புக் கல்லூரியின் டிப்ளோமா இருக்கிறது, அதை முடித்தவர்கள் கால்நடை அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள், எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரர் முதலில் போன் எடுப்பது அவர்களுக்குத்தான். ஆனால் இவை இரண்டும் உங்களை மிருக வைத்தியர் ஆக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்த நாட்டில் மிருக வைத்தியராகத் தொழில் செய்ய இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு வேண்டும், 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அது. கடல் கடந்தால் சென்னையில் 1903இலிருந்து இருக்கிற மிருக வைத்தியக் கல்லூரியும் அது சேர்ந்த தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் காசு கட்டுவதற்கு முன் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று சபையிடம் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலையும் கடிதமாகவே வாங்கி வையுங்கள். முகவர் போனில் சொல்வதை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது மூன்று: சான்றிதழைத் தேடி எடுத்துத் தடவையை எண்ணுங்கள், கைநூலைத் தரவிறக்கி வாசியுங்கள், கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை விடியப் போய் நில்லுங்கள். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள்.